குழாயைப் பார்க்க ஒரு கண்

எக்ஸ்ரே ரூமில் வேலை பார்த்தவன் ஊரில் குடியிருந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் முதலில் அவன் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். தம்மம்பட்டியில் என் கதையும் அதுதான். அரசு மருத்துவமனைகளில் 33 வருடம் ரேடியோகிராபராக இருந்தேன். அதில் கடைசி 11 வருடம் கேத் லேப். ஓய்வு பெற்ற பிறகும் வேலை விடவில்லை. "இந்த ஸ்கேன் எடுத்தே ஆகணுமா?", "கரண்டு உடம்புக்குள்ள பாயுமா?" என்று யாராவது ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் போன வருடம் என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்காவின் மகன் வயிற்றுப் பேத்திக்கு அப்போது பத்து வயது. பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. அழுதால் உதடு நீலம் பாரிக்கும் வகை. ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்து சரிப்படுத்தினார்கள். பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தாள். நாலாம் வகுப்புக்குப் போனதிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். பெரிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதயத்தின் வலது அறை பெருத்திருக்கிறது, இடது நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய் ஒரு இடத்தில் சுருங்கின மாதிரி தெரிகிறது என்று ரிப்போர்ட். அடுத்து கதீட்டர் போட்டு உள்ளே அழுத்தம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அப்போதே பலூன் வைத்து விரித்துவிடலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

கதீட்டர் என்றால் எக்ஸ்ரே என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண் குழந்தை, சின்ன வயசு, மணிக்கணக்கில் எக்ஸ்ரே பட்டால் நாளைக்கு என்ன ஆகுமோ என்று வீடு முழுக்கப் பயம். ரிப்போர்ட்டை என் மடியில் போட்டுவிட்டு அக்கா கேட்டது இதுதான்: "ஏன்டா தம்பி, அந்தப் பெரிய மிசின்ல புள்ளைய முக்கா மணி நேரம் படுக்க வெச்சாங்க. அதுல கதிரே இல்லைன்னு நீதான சொன்ன. அதுக்குள்ளாறயே குழாயையும் விட்டுப் பாத்துட்டா ஆவாதா? எதுக்கு இன்னொரு ரூமு?"

பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத, குச்சிக்கிழங்குக் காட்டிலேயே காலம் தள்ளிய மனுசி. அவர் கேட்ட கேள்வியைத்தான் லண்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய டாக்டர்கள் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் எக்ஸ்ரே ஏன் என்பதைச் சொல்கிறேன். நம் ஊர் மரச்சிற்பம் செதுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உளி எங்கே போகிறதோ அங்கேயே கண்ணும் இருக்கும். கேத் லேபில் அப்படி இல்லை. டாக்டரின் கை நோயாளியின் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ இருக்கும். குழாயின் நுனி இரண்டடி தள்ளி இதயத்துக்குள் இருக்கும். கண் எதிரே தொங்கும் டி.வி.யில் இருக்கும். அந்த டி.வி.யில் படம் வரவில்லை என்றால் அவர் கையை அசைக்கவே கூடாது.

இந்தக் குழாய் பிறந்த அன்றே அதற்கு எக்ஸ்ரே தேவைப்பட்டது. 1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், தன் கை நரம்பு வழியாகவே 65 செ.மீ. நீளக் குழாயை உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டு அப்படியே நடந்து எக்ஸ்ரே ரூமுக்குப் போனார். குழாய் எங்கே நிற்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டுமே! நுனி இதயத்தின் வலது அறைக்குள் நின்றதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். அப்போது திட்டித் தீர்த்த உலகம் 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தது. பிறகு 1977-ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் கிருன்ட்சிக் பலூன் கட்டிய குழாயால் இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்தார். அவரிடம் பழகி வந்த டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல்தான் 1980-களில் சென்னையில் அந்த வைத்தியத்தை நம் நாட்டில் வேரூன்றச் செய்தார். இத்தனை பேருக்கும் கண்ணாக இருந்தது எக்ஸ்ரேதான்.

வெறும் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அதனால் குழாய் செய்யும்போதே பிளாஸ்டிக்கோடு பேரியம் சல்பேட் போன்ற கனமான பொருளைக் கலக்கிறார்கள். உள்ளே போகும் வழிகாட்டிக் கம்பி உலோகம். இரண்டும் கருப்புக் கோடாகப் பளிச்சென்று தெரியும். ரத்தக்குழாய் தெரிய வேண்டுமானால் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தினால் போதும். நொடிக்கு நொடி படம் ஓடும். இவ்வளவு தெளிவான கண் வேறில்லை.

ஆனால் அந்தக் கண்ணுக்குக் கூலி உண்டு. அந்தப் 11 வருடமும் நாங்கள் ஈயக் கோட்டைச் சுமந்துகொண்டுதான் நின்றோம். ஐந்தாறு கிலோ இருக்கும். இன்றைக்கும் குளிர் காலத்தில் என் இடுப்பு அதை ஞாபகப்படுத்தும். நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிவைத்தால், எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறோம் என்று கணக்கு வரும். கதிர்வீச்சில் வேலை செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த மில்லிசீவர்ட் எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும் மனிதனுக்கே வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு அதில் நூறில் ஒரு பங்குதான். கதீட்டர் வேலையில் சில மில்லிசீவர்ட் ஆகும். சிக்கலாகி நேரம் இழுத்தால் பத்தையும் தாண்டும். எழுபது வயது ஆளுக்கு இது பெரிய விஷயம் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். வளர்கிற உடம்புக்குக் கதிர் அதிகம் உறைக்கும், அதன் விளைவு வெளிப்பட இன்னும் அறுபது எழுபது வருடம் வாழ்க்கை பாக்கி இருக்கிறது. அதுவும் பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு ஒரு தடவையோடு முடியாது. வளர வளரத் திரும்பத் திரும்பக் கதீட்டர் வேண்டியிருக்கும். ஆக அக்கா வீட்டுப் பயம் அர்த்தமில்லாத பயம் அல்ல.

சரி, எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். அது எக்ஸ்ரே மாதிரி நிழல் பார்க்கிற மெஷின் அல்ல. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவின் கருவைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால், அது ஒரு சின்ன ரேடியோக் குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் படம் வரைகிற மெஷின் அது.

1973-ல் பால் லாட்டர்பர் என்ற அமெரிக்கர் வெளியிட்ட முதல் எம்.ஆர்.ஐ. படம் எதைப் பற்றியது தெரியுமா? மனித உடம்பு இல்லை. தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள்! அந்தப் படத்தில் குழாய்க்குள் இருந்த தண்ணீர் தெரிந்தது. கண்ணாடி தெரியவில்லை. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் அந்த முதல் படத்திலேயே இருக்கிறது. எம்.ஆர்.ஐ.க்கு ரத்தம் தெரியும், சதை தெரியும், கொழுப்பு தெரியும். அதற்குள் விடுகிற குழாய் தெரியாது. பிளாஸ்டிக்கிலும் ஹைட்ரஜன் உண்டு. ஆனால் கெட்டியான பொருளில் அந்தக் குரல் எழுந்தவுடனே அடங்கிப்போகும், மெஷின் காதில் விழாது. ஆக ரத்தத்துக்கு நடுவே குழாய் ஒரு இருட்டுக் கோடு மட்டுமே. அதுவும் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கோடு.

இன்னொரு சங்கடம். எக்ஸ்ரே நெஞ்சு முழுக்க உள்ளதை ஒரே படமாகக் காட்டும், குழாய் எங்கே வளைந்தாலும் தெரியும். எம்.ஆர்.ஐ. ரொட்டித் துண்டு மாதிரி ஒவ்வொரு சீவலாகக் காட்டும். குழாய் அந்தச் சீவலை விட்டு வெளியே வளைந்தால் படத்தில் காணாமல் போய்விடும்.

அன்று பேத்தியின் அப்பாவும் உடன் உட்கார்ந்திருந்தான். போர் வண்டியில் வேலை, வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பவன். நான் சொன்னதை அவன் டக்கென்று பிடித்துக்கொண்டான். "மாமா, இறங்கின பைப்பை எண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு சொல்லிடலாம். ஆனா நடுவுல எங்க சிக்கியிருக்குன்னு கேமரா விட்டாத்தான் தெரியும். தெரியாம இழுத்தா அத்துக்கும்" என்றான். அவ்வளவுதான் விஷயம். போர்வெல்லில் அறுந்தால் மோட்டார்தான் போகும்.

குழாயாவது தெரியாமல் போகும், கம்பி ஆபத்தே விளைவிக்கும். எக்ஸ்ரேயில் நமக்கு உதவிய அதே உலோகக் கம்பி, எம்.ஆர்.ஐ.க்குள் ரேடியோ ஏரியல் மாதிரி வேலை செய்யும். சாதாரண 1.5 டெஸ்லா மெஷின் பயன்படுத்தும் ரேடியோ அலை 64 மெகாஹெர்ட்ஸ், நாம் பாட்டுக் கேட்கும் எஃப்.எம்.முக்குப் பக்கத்து வீடு. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கம்பி அந்த அலையை வாங்கி நுனியில் சூடாகிவிடும். இதயத்துக்குள் நிற்கும் நுனி அது! இரும்பாக இருந்தால் காந்தம் இழுக்கவும் செய்யும். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தத்தைப்போல ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. 2018-ல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனவரை மெஷின் இழுத்து, அவர் உயிரே போனது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டு அக்கா, "அப்ப ஆவவே ஆவாதுங்கற" என்றார். ஆகாது என்று சொல்லவில்லை. ஆக்கிக் கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, குழாயின் மேல் சின்னச் சின்ன வளையமாக டிஸ்ப்ரோசியம் போன்ற காந்தத் தன்மையுள்ள பொருளைப் பதிப்பது. அது சுற்றியுள்ள படத்தைக் கொஞ்சம் கெடுத்துக் கரும்புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை வைத்துக் குழாயைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு, குழாயின் நுனியிலேயே பொடி ஆண்டெனாச் சுருளை வைத்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று அதையே சொல்லவைப்பது. 1993-லேயே அமெரிக்காவில் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் சுருளிலிருந்து வரும் ஒயரும் சூடாகும் என்பதால் நோயாளிகளிடம் பரவலாக வரவில்லை. மூன்றாவது வழிதான் எளிமையானது. நுனியில் குட்டி பலூன் உள்ள, உலோகமே இல்லாத குழாயை எடுத்து, பலூனுக்குள் எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் கடோலினியம் கரைசலை நிரப்பிவிடுவது. ரத்த ஓட்டத்தில் பலூன் மிதந்து போகும், படத்தில் வெள்ளை முத்து மாதிரி தெரியும்.

2003-ல் லண்டனில் ரேசா ரசாவி என்ற டாக்டரின் குழு, பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. பார்த்தபடி கதீட்டர் செலுத்தியதை 'லான்செட்' இதழில் எழுதியது. ஒரே அறையில் ஒரு பக்கம் எக்ஸ்ரே, மறு பக்கம் எம்.ஆர்.ஐ., நடுவில் நகரும் மேஜை. சிக்கல் வந்தால் எக்ஸ்ரே பக்கம் தள்ளிக்கொள்ளலாம். அதே வருடம்தான் லாட்டர்பருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் கிடைத்தது. 2010-ல் லண்டன் குழு, உலோகம் இல்லாத கம்பியைக் கொண்டு எம்.ஆர்.ஐ. பார்த்தபடியே சுருங்கின நுரையீரல் வால்வைப் பலூனால் விரித்ததையும் வெளியிட்டது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்திலும் பெரியவர்கள், குழந்தைகள் என்று வலப்பக்க இதய அழுத்தத்தை எம்.ஆர்.ஐ.யிலேயே அளந்திருக்கிறார்கள். 2019-ல் அவர்களே காந்தத்தை 0.55 டெஸ்லாவாகக் குறைத்துப் பார்த்தார்கள். சூடு ஏழு மடங்குக்கு மேல் குறைகிறது, சாதாரணக் கம்பிகளில் சிலவற்றையும் பயன்படுத்த முடிகிறது. காந்தம் பெரிதானால்தான் படம் நன்றாக இருக்கும் என்று ஓடிக்கொண்டிருந்த உலகம், இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பி நடந்து பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இதையும் சொன்னேன். உடனே பேத்தியின் அப்பா, "அப்படின்னா நம்மூருக்கு அது வர்ற வரைக்கும் தள்ளிப்போடலாமா மாமா?" என்று கேட்டான்.

இங்கேதான் நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் இன்று நம்பிக்கையாகச் செய்வது பெரும்பாலும் அழுத்தம் அளக்கிற வேலை. சுருங்கின குழாயை விரிப்பது, ஸ்டென்ட் வைப்பது எல்லாம் இன்னும் எக்ஸ்ரே மேஜையில்தான். அதற்குள் சுருக்கத்தை எதிர்த்து வலது அறை தினமும் முட்டிக்கொண்டே இருக்கும். பெருத்த இதயம் ஒரு கட்டத்துக்கு மேல் பழைய அளவுக்குத் திரும்பாது. என்றைக்கோ வரப்போகிற கதிரின் ஆபத்து சின்னது, ஒருவேளை வரலாம், வராமலும் போகலாம். இப்போது இருக்கிற சுருக்கம் நிச்சயம். "கதிருக்குப் பயந்துக்கிட்டு வைத்தியத்தைத் தள்ளாதே. கதிரைக் குறைக்கச் சொல்லிக் கேளு" என்றேன்.

கேட்டால் குறைப்பார்கள். நொடிக்கு 15 படத்துக்குப் பதில் 7.5 படம் ஓடவிடலாம். தேவையான இடம் மட்டும் தெரிகிற மாதிரி கதிரின் அகலத்தைச் சுருக்கலாம். ஏற்கெனவே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து, எந்தக் கோணத்தில் பார்த்தால் சுருக்கம் தெரியும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். அப்போது தேடுகிற நேரம் மிச்சம். குழாயைப் பார்க்காத எம்.ஆர்.ஐ., குழாய் போகிற பாதையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பேத்திக்கும் இப்படித்தான் நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வேலை முடிந்தது. பலூன் வைத்து விரித்தார்கள், மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். இப்போது மாடிப்படி ஏறுகிறாள். வால்வு மாற்ற வேண்டிய நாள் பிறகு வரும், அதற்கு இன்னும் சில வருடம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. நெஞ்சுவலி என்று ஓடினால், அங்கே எக்ஸ்ரேயா எம்.ஆர்.ஐ.யா என்று கேள்வி கேட்டு நிற்காதீர்கள். மாரடைப்புக்கு வேகம்தான் முக்கியம், கேத் லேப் மேஜையில் ஏறிப் படுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், பேஸ்மேக்கர், ஸ்டென்ட், கண்ணில் எப்போதாவது வெல்டிங் தூள் பட்டது என எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது, ஆனாலும் ஸ்டென்ட் கார்டைக் கொண்டுபோங்கள். பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டி வைத்திருப்பீர்கள். நகையைக் கழற்றும்போது அதைத்தான் மறந்துபோவீர்கள். ஊக்கு இரும்பு.

பேரன் பேத்திக்குக் கதீட்டர் செய்தால், வெளியே வரும்போது ஒன்று கேளுங்கள். எத்தனை நிமிடம் எக்ஸ்ரே ஓடியது, டோஸ் எவ்வளவு? அந்த மெஷின் கடைசியில் இந்த இரண்டு எண்ணையும் தானாகவே காட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார்கள். அக்கா வீட்டில் அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி, மருத்துவமனை, என்ன செய்தார்கள், எத்தனை நிமிடம், டோஸ் எவ்வளவு என்று ஐந்து கட்டம். முதல் வரியைப் பேத்தியே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். அடுத்த வரி எழுதுகிற நாளில், டோஸ் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போடுகிற மாதிரி அந்தக் குழாயை யாராவது நம் பக்கமும் கொண்டுவந்து சேர்க்கட்டும்.